எந்தச் சொல்லை நம்பி இயக்குவது?

பனியன் துணியின் கனத்தைத் திருப்பூரில் யாரும் வாய்ச்சொல்லாக ஏற்பதில்லை. ஜிஎஸ்எம் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டித் தராசில் வைக்கிறார்கள். வட்டத்தின் எடை கண்டறிந்தது. ரோல் முழுவதும் அதே கனம்தான் என்பது ஊகித்தறிந்தது. ஆர்டரும் பேட்டர்னும் சம்பளக் கணக்கும் கிடக்கும் சர்வரில் எந்த லினக்ஸைப் போடுவது என்று வரும்போது மட்டும், 'எல்லாரும் இதைத்தானே போடுகிறார்கள்' என்பதே போதுமானதாகிவிடுகிறது.

எதை நம்பி அறிவது என்பதை மணிமேகலை தத்துவக் கேள்வியாகவே எழுப்புகிறது. வஞ்சி நகரில் அளவைவாதி, அறிவு பிறக்கும் வழிகளாகப் பத்து அளவைகளை அடுக்குகிறான். நேரில் காணும் காண்டல், ஊகித்தறியும் கருதல், அறிவோர் உரையான ஆகமம் ஆகியவற்றோடு, ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் ஐதிகமும் அவற்றில் உண்டு.

சென்ட் ஓஎஸ் விஷயத்தில் ஐதிகம் கைவிட்டது. ரெட் ஹேட் நிறுவனம் கட்டணத்துக்குத் தரும் லினக்ஸின் இலவச மறுபதிப்பு அது. 8ஆம் பதிப்பு 2029 வரை பராமரிக்கப்படும் என்று நம்பியிருந்தார்கள். 2020 டிசம்பர் 8 அன்று, 2021 முடிவோடு நிறுத்தம் என்று அறிவிப்பு வந்தது. நிரல் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சொல்தான் பிறழ்ந்தது.

கருதலும் ஏமாறும். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில், 'ஜியா டான்' என்ற பெயரில் இயங்கியவர் இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக உழைத்துப் பொறுப்பைக் கையில் வாங்கினார். பிறகு கள்ளவழி ஒன்றைப் புகுத்தினார். நன்னடத்தையைப் பார்த்து ஒருவரை நம்புவது மனித வழக்கம். அந்த வழக்கமே அங்கே ஆயுதமாயிற்று. 2024 மார்ச்சில், டெபியன் என்ற லினக்ஸின் வளர்ச்சிநிலைப் பதிப்பில் லாகின் அரை நொடி தாமதமாவதை ஆந்த்ரேஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்துத் துருவியதால்தான் குட்டு வெளிப்பட்டது. புதியதை உடனே எடுத்துக்கொள்ளாத டெபியன் ஸ்டேபிளை அந்த நஞ்சு எட்டவே இல்லை.

மிஞ்சுவது ஆகமம் என்னும் உரை: சொல்பவர் யார் என்ற கேள்வி. பொருளை நேரில் அறிந்து, அறிந்தபடியே சொல்ல விழைபவரே நம்பத்தக்கவர் என்பது நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் வகுத்த இலக்கணம். தன் பிழைகளை மறைப்பதில்லை என்று டெபியன் 1997இலேயே சமூக ஒப்பந்தமாக எழுதிவைத்தது. சோதனை 2008 மே மாதம் வந்தது. ஓபன்எஸ்எஸ்எல்லில் தாங்களே 2006இல் செய்த மாற்றத்தால் ரகசியச் சாவிகள் ஊகிக்கக்கூடியவை ஆகிவிட்டன என்று வெளிப்படையாக அறிவித்து, சாவிகளை மாற்றச் சொன்னார்கள். அந்தப் பிழை கடுமையானது. ஆனால் வாத்ஸ்யாயனரின் இலக்கணத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஆகவே பனியன் கம்பெனிக்கு டெபியன் ஸ்டேபிள் பொருந்தும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதன் மேல் கட்டியதுதான். இஆர்பி மென்பொருள் விற்பவர் ரெட் ஹேட் வழியைத்தான் கேட்கிறார் என்றால், அவ்வழி இலவச லினக்ஸ்களான ஆல்மா அல்லது ராக்கி போடலாம். கம்பெனி சர்வரில் போட்டதையே வீட்டுக் கணினியிலும் ஓட்டினால் காண்டல் அளவைக்கு வாய்ப்பு தினமும் உண்டு: அப்டேட்டை முதலில் அங்கே போட்டுப் பார்க்கலாம், பேக்கப்பை அங்கே மீட்டுப் பார்க்கலாம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கு மூன்று ஆண்டு முழுப் பராமரிப்பும், அதன்பின் இரண்டு ஆண்டு நீட்டிப்பும் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேதிகளை ஷிப்மென்ட் தேதிகளோடு சேர்த்து இப்போதே குறித்துவைக்கலாம்.