ஆராய்ச்சியாளரும் மமகாரமும்

உலகப் புகழ்பெற்ற வணிகக் கலாசாலைகள் பலவும் இன்று தம் பேராசிரியர்களின் பெருமையைத் தாமே எடுத்துரைப்பதை ஒரு நித்திய கடமையாகக் கொண்டிருக்கின்றன. எவருடைய கருத்தை எந்தப் பத்திரிகை வெளியிட்டது, எவருடைய கட்டுரையை எந்த ஆய்விதழ் ஏற்றது, யாருக்கு என்ன பரிசு கிடைத்தது என்ற செய்திகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. லண்டனிலிருந்து வெளிவரும் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை இக்கலாசாலைகளைத் தரவரிசைப்படுத்தும்போது, தான் தேர்ந்து வைத்திருக்கும் 50 ஆய்விதழ்களில் அவற்றின் ஆசிரியர்கள் எவ்வளவு எழுதினார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வதால், இந்தக் கீர்த்தி அலங்காரமாக மட்டும் நின்றுவிடாமல் ஒரு லௌகிக சக்தியாகவும் ஆகிவிட்டது. அதைக் குறைகூறுவது என் நோக்கமில்லை. அறிவைத் தேடுகிறவன் தான் கண்டதை ‘என்னுடையது’ என்று பற்றிக்கொண்ட பிறகு, அது நிற்காது என்று தெரியவரும் நாளில் அதை விட்டுவிடும் வல்லமை அவனிடம் மிஞ்சியிருக்குமா என்பது வேதாந்திகள் மமகாரம் என்று பெயரிட்டு நெடுங்காலம் விசாரித்த கேள்வி. அந்தக் கேள்வி நம் காலத்தில், நம் கண்ணெதிரே, ஒரு வணிகக் கலாசாலையில் எழுந்து விடையும் பெற்றது.

2010-ஆம் ஆண்டில் ‘சைக்கலாஜிகல் சயின்ஸ்’ என்னும் ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த டானா கார்னி, ஆண்டி யாப் என்பவர்களும், ஹார்வர்டு வணிகக் கலாசாலையில் இருந்த ஏமி கட்டி என்பவரும் அதன் ஆசிரியர்கள். 42 பேரை அழைத்து, அவர்களில் ஒரு சாராரை மேஜைமேல் கால்களை நீட்டிக் கைகளைப் பிடரியில் கோத்துச் சாய்ந்து உட்காரவும், பின்பு மேஜையில் இரு கைகளையும் ஊன்றி நிற்கவும் செய்தார்கள். மறு சாராரைக் கைகளை மடியில் வைத்துக் குறுகி உட்காரவும், கைகால்களைப் பின்னிக்கொண்டு ஒடுங்கி நிற்கவும் செய்தார்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிமிஷம். முன்னும் பின்னும் உமிழ்நீரை எடுத்துச் சோதித்தார்கள். கையில் இரண்டு டாலரைக் கொடுத்து, அதை அப்படியே வைத்துக்கொள்வதா, பகடை உருட்டி நாலாக்கவோ அடியோடு இழக்கவோ துணிவதா என்று கேட்டார்கள். அதிகாரத் தோரணையில் இருந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு உயர்ந்தது, மன நெருக்கடியோடு சம்பந்தப்பட்ட கார்ட்டிசால் தாழ்ந்தது, துணிவும் மிகுந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

2012-இல் ஏமி கட்டி ‘டெட்’ மேடையில் இதைப் பற்றிப் பேசிய சொற்பொழிவைக் கோடிக்கணக்கான மக்கள் கேட்டார்கள், பத்திரிகைகள் எழுதின, 2015-இல் புத்தகமும் வந்தது. உடல் நிமிர்ந்தால் உள்ளமும் நிமிரும் என்ற வாக்கு, ஆசனங்களை யோகத்தின் ஓர் அங்கமாக வைத்த நமக்கு அந்நியமாக ஒலிப்பதன்று. நேர்முகத் தேர்வுக்குப் போகுமுன் தனியிடம் தேடி, இரண்டு நிமிஷம் நெஞ்சை நிமிர்த்தி நின்றுவிட்டு உள்ளே சென்ற இளைஞர்களையும் பெண்களையும் நினைக்கும்போது எனக்கு அவர்கள்மேல் மிகுந்த பரிவு உண்டாகிறது. அவர்கள் தேடியது தைரியம். அதை விஞ்ஞானத்தின் பெயரால் கொடுத்தவர்களுக்கு, கொடுத்தது மெய்தானா என்று மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு அந்தக் கணத்திலேயே பன்மடங்காயிற்று.

அந்தச் சோதனையை வேறு சிலர் செய்தார்கள். 2015-இல் ஈவா ரானெஹில் என்பவரும் அவருடைய சகாக்களும் 200 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியில், தோரணையில் நின்றவர்கள் தங்களுக்கு வலிமை வந்ததாக உணர்ந்தார்கள். ஆனால் சுரப்புகளிலும் துணிவிலும் மாறுதல் காணப்படவில்லை. அப்படியானால் முதலாவது ஆராய்ச்சியில் பொய் சொன்னவர் யார் என்று சிலர் கேட்கக்கூடும். விஷயம் இங்கேதான் ஆழமாகிறது, ஏனெனில் பொய் சொல்ல ஒருவரும் தேவையில்லை. ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், ஊரி சைமன்சோன் என்ற மூன்று பேராசிரியர்கள், அவர்களும் வணிகக் கலாசாலைகளைச் சேர்ந்தவர்களே, 2011-இல் ஒரு கட்டுரையில் இதை வெளிச்சமாக்கினார்கள். பீட்டில்ஸ் குழுவினரின் ஒரு பாட்டைக் கேட்டவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை வயது குறைந்துவிட்டது என்ற அசாத்தியமான முடிவை, அக்காலத்து ஆராய்ச்சியாளர்கள் சர்வசாதாரணமாகக் கையாண்ட முறைகளைக் கொண்டே அவர்கள் நிறுவிக் காட்டினார்கள். இடையிடையே கணக்கைப் பார்த்து, விரும்பிய விடை வந்ததும் ஆள் சேர்ப்பதை நிறுத்துவது, பல அளவைகளை எடுத்து, ஒத்துவந்ததை மட்டும் சொல்வது, இவை போதும். செய்கிறவன் மனத்தில் வஞ்சகம் இராது. ‘இது மெய்யாக இருக்கவேண்டுமே’ என்ற ஆசை ஒன்றுதான் இருக்கும்; அந்த ஆசையே கணக்கின் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பொய் பேசாதிருப்பது சத்தியத்தின் வாயிற்படி. தன் விருப்பத்தால் தானே மயங்காதிருப்பதே அதன் உள்வீடு என்று நான் நினைப்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குக் கிடைக்கவில்லை.

2016 செப்டம்பரில், அப்போது பெர்க்லியில் ஹாஸ் வணிகக் கலாசாலையில் பேராசிரியராக இருந்த டானா கார்னி ஓர் அறிக்கையை வெளியிட்டார். கட்டுரையின் முதலாவது ஆசிரியர் அவரே. தம் பெயரை உலகறியச் செய்த அந்த விளைவு மெய்யானதென்று தாம் நம்பவில்லை என்று அதில் ஒளிவுமறைவின்றி எழுதினார். ஆட்களின் தொகை மிகச் சிறியது, சான்று வலுவற்றது, சிறு சிறு தொகுதிகளாக ஆட்களைச் சேர்த்து நடுநடுவே முடிவைப் பார்த்துக்கொண்டோம், வலிமையை எப்படி உணர்ந்தார்கள் என்று பல வினாக்களைக் கேட்டுவிட்டு ஒத்துவந்தவற்றையே எடுத்துக்கொண்டோம் என்று தம் கைப்பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். வகுப்பில் இதைக் கற்பிப்பதில்லை, பிறரும் இதில் காலத்தைச் செலவிட வேண்டாம் என்றும் சொன்னார். எந்த அதிகாரியும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்மேல் விசாரணை எதுவும் இல்லை. தான் கட்டிய வீட்டைத் தானே இடித்து, எந்தச் செங்கல் எங்கே பொய்த்தது என்று ஊராரை அழைத்துக் காட்டுகிறவனை நாம் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்?

சாந்தோக்கிய உபநிஷத்தில் சத்தியகாமன் என்னும் பையன் கௌதமரிடம் வித்தை பயிலப் போகிறான். உன் கோத்திரம் யாது என்று அவர் கேட்கிறார். தாய் ஜபாலை தனக்குச் சொன்னதை, அது சபையில் சொல்லத் தயங்கவேண்டிய செய்தியாக இருந்தும், ஓர் எழுத்தும் மாற்றாமல் அவன் சொல்லிவிடுகிறான். இவன் சத்தியத்தினின்றும் வழுவவில்லை என்று கண்ட கௌதமர், சமித்து கொண்டுவரச் சொல்லி அவனுக்கு உபநயனம் செய்விக்க முன்வருகிறார். வித்தைக்கு அதிகாரி யார் என்று பண்டைக் காலத்தில் ஆயிரம் வாதங்கள் நடந்திருக்கலாம். தனக்கு நஷ்டம் தரக்கூடிய உண்மையைத் தானே சொல்லத் துணிந்தவன் என்று அந்தக் கதை கொடுக்கும் விடையை எந்தப் பல்கலைக்கழகமும் மறுக்க இயலாது.

கீர்த்தியையே வெறுக்கவேண்டுமென்று நான் சொல்லவில்லை. திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை வழங்கும் வைப்புமுறையில் ‘புகழ்’ இல்லறவியலின் இறுதி அதிகாரம், அதாவது 24-ஆவது. அதற்கு முன்னே நிற்பது ‘ஈகை’. கொடுத்தவனுக்கே புகழ் உரியது என்று அந்த வரிசையே எனக்குச் சொல்கிறது. ‘வாய்மை’யோ 30-ஆவது அதிகாரமாகத் துறவறவியலுக்குள் இருக்கிறது. ஆராய்ச்சியாளன் இந்த இரண்டு இடங்களிலும் கால் வைத்து நிற்கவேண்டியவன்: சம்பளமும் பதவியும் பரிசும் உடைய இல்லறத்தான், தான் கண்ட முடிவின் விஷயத்தில் மட்டும் துறவி. இந்த இரண்டாவது நிலையில் அவன் தவறிவிட்டால் முதலாவது நிலையில் அவன் ஊருக்குக் கொடுத்தது ஈகையாகாது.

ஏமி கட்டி, கார்னியின் முடிவை ஏற்கவில்லை. தோரணையால் வலிமை உணர்ச்சி பிறக்கிறது என்பதற்குச் சான்று உண்டு என்று 2018-இலும் சகாக்களோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். அந்த உணர்ச்சி மட்டும் பல ஆராய்ச்சிகளில் தென்பட்டிருக்கிறது என்பதும் மெய்யே. இடையில் அவர்மேல் பொழியப்பட்ட ஏளனமும் வசையும் சத்தியத்தின் பெயரால் செய்யப்பட்ட ஹிம்சை என்றே கருதுகிறேன். சத்தியத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அஹிம்சையைக் கைவிடுகிறவன் இரண்டையும் இழக்கிறான்.

2013-இல் ‘கார்டெக்ஸ்’ என்னும் ஆய்விதழ் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆராய்ச்சி தொடங்குமுன்பே கேள்வியையும் முறையையும் அறிஞர்கள் பரிசீலித்து, தக்கதென்று கண்டால், விடை எதுவாயினும் வெளியிடுவதாக வாக்களித்துவிடுவார்கள். பலன் இன்னதாக இருக்கவேண்டும் என்ற பற்றை விட்டுக் கருமத்தைச் செய்க என்று கீதை உபதேசித்ததை, ஓர் அலுவலகத்தின் நடைமுறையாகவே ஆக்கிவிட்ட ஏற்பாடு இது. இவ்வாறு முன்பதிவு செய்த ஆராய்ச்சிகளையே வெளியிடும் ஓர் ஆய்விதழ் 2017-இல் அந்தத் தோரணை விஷயத்துக்கே ஒரு சிறப்பிதழை ஒதுக்கியது. பல குழுவினர் தங்கள் முறைகளை முன்கூட்டியே ஒப்படைத்துவிட்டுச் சோதித்தார்கள். உணர்ச்சி ஓரளவு தென்பட்டது, நடத்தையில் மாறுதல் பெரும்பாலும் தென்படவில்லை. அந்தச் சிறப்பிதழின் பொறுப்பை ஏற்றுத் தொகுத்தவர்களுள் டானா கார்னியும் ஒருவர்.