குளிரின் மீது மட்டுமா குற்றம்?

2022 டிசம்பரில், வங்கக்கடலில் 'மாண்டஸ்' புயல் நிலைகொண்டிருந்த நாட்களில், வடக்கு, கிழக்கு மாகாணங்களை வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர் தாக்கியது. மழையில் நனைந்து, வாடையில் விறைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. திருகோணமலை மாவட்டத்துப் பட்டிகளும் தப்பவில்லை.

'இயற்கையின் சீற்றம்' என்றோம், அத்துடன் அமைதியுற்றோம். ஆனால் துன்பம் வேறு, அநீதி வேறு. குளிர் வருவதைத் தடுக்க எவராலும் இயலாது, அது துன்பம். வந்தபோது ஒதுங்கக் கூரையும் உண்ண வைக்கோலும் இல்லாதிருந்தமை மனிதரின் ஏற்பாடு. அநீதி அங்கே தொடங்குகிறது.

பெரும்போகத்தில் வயல்களெல்லாம் நெல்லாகிவிட, மாடுகள் பற்றைக் காடுகளுக்கு ஓட்டப்படுகின்றன. மெலிந்த உடலையே குளிர் முதலில் வீழ்த்தும். பட்டிக்காரரைப் பழித்துப் பயனில்லை. மேய்ச்சற்றரையும் கையிற் பணமும் இல்லாதவர் கொட்டில் எங்கே கட்டுவார்? பால்மா இறக்குமதிக்கு அந்நியச் செலாவணியின்றி நாடு தவித்த அதே ஆண்டிலேதான் பசுக்கள் இவ்வாறு வீழ்ந்தன.

அடைக்கலம் அளிக்க அறியாத ஊரன்று இது. வடகீழ்ப் பருவக்காற்றுக்கு அஞ்சிய பேரரசுகளின் கப்பல்கள் எங்கள் துறைமுகத்திலேயே ஒதுங்கின. அதற்காகக் கோட்டை கட்டினர்; போரும் புரிந்தனர். காற்று எல்லோர் மீதும் வீசுகிறது. ஒதுங்க இடம் யாருக்கு என்பதை அதிகாரமே தீர்மானிக்கிறது.

'எதிர்பாராத குளிர்' என்ற சமாதானம் ஒருமுறைதான் செல்லும். அறிந்தபின்னும் ஆயத்தமின்றி இருப்போமாயின், அடுத்த சாவுக்கு இயற்கையைக் குற்றஞ்சாட்ட நமக்கு உரிமை இல்லை.