நட்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

பூசை முடிந்து அன்னதானத்திற்கு அமர்ந்தால் நம்மவர் பேச்சு பிள்ளைகளின் படிப்பிலும் உத்தியோகத்திலும் வந்து நிற்கும். "விமானம் ஓட்டப் படித்தவனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லையாமே?" என்று ஒருவர் கேட்பார். "எல்லாம் அவரவர் வினைப்பயன்" என்று மற்றவர் முடித்துவிடுவார். இந்தப் பதில் சரிதானா என்று நாம் சிந்திப்பது நல்லது.

2009 பெப்ரவரியில் இங்கு அமெரிக்காவில், பஃபலோ நகருக்கு அருகே பிராந்திய விமானமொன்று வீழ்ந்து 50 பேர் மாண்டனர். அதன் பின் 2010 இல் வந்த சட்டத்தின்படியும் 2013 இல் வந்த விதியின்படியும், துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். ஓர் இளைஞன் ஒரு இலட்சம் டொலர் அளவில் கடன்பட்டுப் பயிற்சி பெற்று, பின் பயிற்றுநனாகச் சொற்ப வருமானத்தில் அந்த மணித்தியாலங்களைச் சேர்க்கிறான். 2022 இல் விமானிகளுக்குத் தட்டுப்பாடு என்று பிராந்தியக் கம்பனிகள் சம்பளத்தை உயர்த்தின. அதை நம்பி இத்துறைக்கு வந்தவர் பலர்.

2024 ஜனவரி 5ஆம் திகதி போயிங் விமானமொன்றின் கதவடைப்புப் பலகை நடுவானில் கழன்று பறந்தது. அதையடுத்து அவ்வகை விமானங்களின் உற்பத்திக்கு அரசு வரம்பு விதித்தது. புதிய விமானங்கள் வந்து சேரத் தாமதமாயின. யுனைட்டட் நிறுவனம் அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் புதிய விமானிகளைச் சேர்ப்பதை நிறுத்தி வைத்தது. பெரிய நிறுவனம் ஆள் எடுக்காவிட்டால் பிராந்தியக் கம்பனியின் கப்டன் அங்கிருந்து நகரமாட்டார். அவர் நகராவிட்டால் துணை விமானிக்கு உயர்வில்லை. வரிசையின் கடைசியில் நிற்பவனுக்குக் கதவே திறப்பதில்லை. காத்திருப்பதற்கும் செலவுண்டு. 90 நாட்களுக்குள் மூன்று முறை ஏறி இறங்காதவர் பயணிகளை ஏற்றிச் செல்ல முடியாது என்பது விதி.

கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு ஒரு பாடம் தெரியும்: நட்டம் வந்தால் அதை உரிய கணக்கில் எழுத வேண்டும். கடன்படத் துணிந்தது அந்த இளைஞனின் முடிவு; அது அவன் கணக்கில் நிற்கட்டும். அவன் உழைப்பும் அங்கேயே வரவாக நிற்க வேண்டும். எங்கோ ஒரு தொழிற்சாலையில் நேர்ந்த தவறையும், கம்பனிகளின் பிழைத்துப்போன மதிப்பீட்டையும் அவன் பெயரில் பற்று எழுதுவது நேர்மையான கணக்கல்ல. "தட்டுப்பாடாம், உடனே சேர்" என்று பெருமையோடு தூண்டிய பெற்றோரும் உறவினரும் தம் பங்கை எழுதிக்கொள்ள வேண்டாமா?

வினை என்பது பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. அது நம்மை நாமே பார்க்கும் கண்ணாடி. பிறரை அளக்கும் கோல் அன்று. நமது சித்தாந்தம் அனுபவிக்கும் வினையைப் பிராரத்தம் என்றும், அனுபவிக்கும்போதே புதிதாய்ச் செய்யும் வினையை ஆகாமியம் என்றும் பிரித்துச் சொல்கிறது. அவன் படும் துன்பம் பிராரத்தமாகவே இருக்கட்டும். அவனைப் பார்த்து நாம் சொல்லும் சொல் நமது ஆகாமியம் அன்றோ?

பட்டச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு களஞ்சியங்களில் இரவு வேலை செய்த நாட்களை நாம் மறந்துவிடவில்லை. அன்று நமக்கும் விதி என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் முகம் இப்போது நினைவில் இல்லை. பக்கத்தில் அமர்ந்து வேலை விண்ணப்பத்தைத் திருத்தித் தந்தவரின் முகம் நினைவில் நிற்கிறது.

ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை கோயிலுக்கு வந்தால், "வேலை கிடைத்ததா?" என்று கேளாதிருப்போம். நம் கடையிலோ கந்தோரிலோ இடைக்கால வேலை இருந்தால் தனியே அழைத்துச் சொல்வோம். ஒன்றும் இல்லையென்றால், "வா தம்பி, சாப்பிடுவோம்" என்று பக்கத்தில் இடம் கொடுப்போம். வெட்கப்பட்டு அவன் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டால், அந்த நட்டம் நம் கணக்கில்தான் எழுதப்படும்.