படுக்கைக்கு முந்தைய கணக்கு

1898-ல் பெங்களூருக்குள் பிளேக் புகுந்தது. நெருக்கடியான குடிசைகளையும் சாக்கடையையும் அப்படியே வைத்துக்கொண்டு கொள்ளைநோயை விரட்ட முடியாது என்பது கண்டோன்மென்ட் நிர்வாகத்துக்கு அதன் பிறகுதான் உறைத்தது. பிரேசர் டவுன் என்ற புதிய குடியிருப்பு எழுந்தது. பின்னாளில், பொறியாளர் மர்பியின் பெயரில் ஏழை உழைப்பாளிகளுக்கான மர்பி டவுனும் எழுந்தது. இன்றும் அங்கே தமிழ்ப் பேச்சு கேட்கும். இரக்கத்தைவிட, நோய் பட்டாளத்தைத் தொட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான் அந்த மாற்றங்களுக்குப் பின்னால் அதிகம் இருந்தது. இருக்கட்டும், சுவரும் கூரையும் காரணம் கேட்பதில்லை.

அதே பெங்களூரிலிருந்து நான்கு மணி நேரத்தில் சாமராஜநகர் வந்துவிடும். பிலிகிரிரங்கன் மலையின் சோலிகர் பழங்குடியினர் வாழும் மாவட்டம் அது. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே 2, 3 தேதிகளில் அங்கே மாவட்ட மருத்துவமனையில் 24 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் மைசூரிலிருந்து வர வேண்டியிருந்தது. ஆக்சிஜன் பற்றாக்குறையே காரணம் என்று உயர் நீதிமன்றம் அமைத்த குழு பின்னர் சொன்னது.

இப்படி மூச்சுக்கே பஞ்சம் வரும்போது யாருக்கு முதலில் தருவது? பிழைக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளவருக்கு என்பது மருத்துவ அறத்தின் வழக்கமான பதில். சாதி பார்க்காத, பணம் பார்க்காத பதில் என்பதால் நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் மலையிலிருந்து வருகிறவர் எப்படி வருகிறார் என்று பாருங்கள். பிறவியிலேயே சிக்கிள் செல் ரத்தசோகை இருக்கலாம். காசநோய் தின்ற நுரையீரலாக இருக்கலாம். ஒரே அறையில் ஆறேழு பேர் படுத்த வீடு, ஜீப் கிடைக்கும்வரை காத்திருந்த இரண்டு நாள். மருத்துவமனை வாசலுக்கு வரும்போதே அவருடைய வாய்ப்பு குறைந்துவிட்டது. குறைத்தது யார் என்று அந்த விதி கேட்பதில்லை. முன்பு பறிக்கப்பட்டவரிடமே, பறிகொடுத்ததைக் காரணம் காட்டி, இன்னொரு முறை பறிக்கிறது.

1918 இன்ஃப்ளூயன்சா காய்ச்சலில் பம்பாயில் ஆயிரத்துக்கு 8.3 ஐரோப்பியர் இறந்தபோது, ஒடுக்கப்பட்ட சாதி இந்துக்களில் 61.6 பேர் இறந்தார்கள். 2009-ல் எச்1என்1 காய்ச்சலின்போது அமெரிக்காவின் 12 மாநிலங்களில் பூர்வகுடிகளின் இறப்பு விகிதம் மற்றவர்களைப் போல நான்கு மடங்கு. கிருமிக்கு இனம் தெரியாது, ஆனால் வீடு தெரியும்.

அப்படியென்றால் நள்ளிரவில் வார்டில் நிற்கும் டாக்டர் வரலாற்றுக் கடனை அடைக்க வேண்டுமா? கூடாது. அவர் கண்முன் இரண்டு பேர் மூச்சுத் திணறுகிறார்கள், அவர் கையில் இருப்பது ஒரு சிலிண்டர். அந்த நிமிடத்தில் முன்னோர் கணக்கைப் பார்க்கச் சொல்வது அவருக்கும் அநியாயம், நோயாளிக்கும் அநியாயம். நீதி செய்ய வேண்டிய இடம் வார்டு அல்ல, அதற்கு ஆறு மாதம் முன்பு கூடிய கூட்டம். எந்த ஊருக்கு எத்தனை சிலிண்டர், தடுப்பூசி வண்டி முதலில் எந்தச் சாலையில் ஏறும் என்று முடிவு செய்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நீலகிரியில் 2021-ல் பழங்குடிகளின் ஊர்களான தோடர் மந்துக்கும் பணியர் பாடிக்கும் தேடிப்போய்த் தடுப்பூசி போட்டார்கள். அதைச் சலுகை என்று சொல்வது தவறு. நகரத்தில் இருப்பவருக்கு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறதே, அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை.

கனடாவின் மானிட்டோபாவில் 2009-ல் அதே எச்1என்1 காய்ச்சலின்போது நடந்தது இதன் மறுபக்கம். குழாய்த் தண்ணீர்கூட இல்லாத வீடுகள் நிறைந்த பூர்வகுடி ஊர்கள், கையைச் சுத்தப்படுத்தும் கிருமிநாசினித் திரவம் கேட்டன. அதில் ஆல்கஹால் இருக்கிறதே என்று அதிகாரிகள் தயங்கினார்கள். செப்டம்பரில் அரசின் மருத்துவப் பொருட்களோடு பிணப் பைகள் வந்து இறங்கின. தடுப்பூசி வர அக்டோபர் கடைசி ஆனது.

சாமராஜநகருக்கும் மைசூருக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர்தான்.