பொய்க் கையொப்பம்

ஒரு பொருளின் மேல் பொறித்திருக்கும் பெயர் பொய் என்றால், அந்தப் பொருளும் பொய்யாகிவிடுமா? கோர்ட்டில் கேட்டால் இதற்குச் சுலபமாகப் பதில் கிடைத்துவிடும். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

கொஞ்ச காலமாக ஜப்பானியரின் பழைய வாள் உறுப்புகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். வாளின் மீது எனக்கு மோகம் கிடையாது. அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே, கையைக் காப்பதற்காக ஒரு தகடு இருக்கிறதே, அதன் மேல்தான் மோகம். 'த்ஸுபா' என்பது அதன் பெயர். ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம். இரும்பு, அல்லது செம்புக் கலவை. அவ்வளவு சிறிய இடத்துக்குள் நாரை பறக்கும், மழை பெய்யும், கிழவன் ஒருவன் ஓடம் தள்ளிக்கொண்டு போவான். தகட்டின் நடுவே வாளின் அடிப்பாகம் நுழைவதற்கு ஒரு துவாரம். அதை ஒட்டி, பெரும்பாலும் இடப்பக்கத்தில், செய்தவன் தன் பெயரை உளியால் வெட்டுகிறான். இன்ன ஊர்வாசி, இன்னான். சில சமயம் எத்தனையாவது வயதில் செய்தது என்பதும் உண்டு.

வாளில் பூட்டும்போது தகட்டின் இருபுறமும் மெல்லிய வளையத் தகடுகள் வந்து உட்காரும். அவற்றைச் 'செப்பா' என்கிறார்கள். நம் செப்புக்கும் அந்தச் சொல்லுக்கும் உறவில்லை. ஆனாலும் அவை பெரும்பாலும் செம்பால் ஆனவைதாம்! அவை உட்கார்ந்தவுடன் பெயர் மறைந்துவிடும். வாளைக் கட்டிக்கொண்டு வீதியில் போகிறவனுடைய இடுப்பில் நாரை தெரியும், நிலவு தெரியும். செய்தவன் பெயர் தெரியாது. வாளை முழுக்கப் பிரித்தால்தான் உண்டு. எங்கள் தொழிலில் அட்டைமேல் ஆசிரியர் பெயர் கதையின் பெயரைவிடக் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இதை நினைத்தால் எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கண்ணுக்குப் படாத இடத்தில் போட்ட பெயர் விளம்பரம் ஆகாது. "இதற்கு நான் ஜவாப்தாரி" என்று ஒரு மனிதன் தணிந்த குரலில் சொல்லி வைப்பது அது.

ஆனால் பொய்யும் அந்த இருட்டுக்குள் புகுந்துவிட்டது. 'கிமெய்' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. எடோ நகரத்தில் யோகோயா ஸோமின் (1670-1733) என்றொரு மேதை இருந்தார். உலோகத்தின் மேல் தூரிகை ஓட்டுவதுபோல் உளியை ஓட்டியவர். அவர் பெயரைத் தாங்கி நிற்கும் உருப்படிகளில் அவர் கைபடாதவை ஏராளம். ஹிகோனே ஊரின் ஸோதென் விஷயம் இன்னும் வேடிக்கை. அந்தப் பெயர் வெட்டிய இரும்புத் தகடுகளையெல்லாம் ஒரே மனிதன் செய்திருக்க ஓர் ஆயுள் போதாது. பெயர் மனிதனைவிட்டுக் கழன்று, ஒரு வேலைப்பாட்டு வகையின் பெயராகவே ஆகிவிட்டது. அங்கே ஏமாந்தவர் யார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குருவின் சம்மதத்தோடு சீடன் செய்து, குருவின் பெயரில் வெளிவந்தவையும் உண்டு. அவற்றைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோதோ குடும்பத்தின் வழக்கம்தான் என் மனத்துக்குப் பிடித்தது. அந்த வம்சத்தின் மூலபுருஷர் யூஜோ (1440-1512), ஷோகுன் அஷிகாகா யோஷிமாஸாவிடம் ஊழியம் செய்தவர். ஆரம்பத் தலைமுறைகளில் அவர்கள் பெயர் வெட்டுவது அபூர்வம். பிற்காலத்துப் பேரன்மார் அவ்வேலைகளை ஆராய்ந்து, "உருவம் யூஜோவினுடையது" என்று பொறித்து, பக்கத்திலேயே தங்கள் பெயரையும் முத்திரை எழுத்தையும் வெட்டினார்கள். குடும்ப வியாபாரத்துக்கு அது லாபம்தான், மறுக்கவில்லை. எனினும் சாட்சி சொல்கிறவன் ஒளிந்துகொள்ளாமல் தன் பெயரையும் கொடுக்கிறான் பாருங்கள்.

1876-இல் பொது இடங்களில் வாள் அணியக்கூடாது என்று சட்டம் வந்தது. தகடுகள் வாளைவிட்டு இறங்கிச் சேகரிப்பவர்களின் பெட்டிகளுக்குப் போயின. மறைந்திருந்த பெயர் வெளிச்சத்துக்கு வந்தது. வந்ததும் அதற்கு விலை ஏறிற்று.

நிபுணர்கள் பெயரைப் படிப்பதோடு நிற்பதில்லை. உளி எங்கே இறங்கிற்று, எவ்வளவு ஆழம் போயிற்று, எங்கே தூக்கி எடுத்தான் என்றெல்லாம் பார்த்து, ஐயமற்ற உருப்படிகளோடு ஒப்பிடுகிறார்கள். எழுத்து ஸோமின் என்கிறது; கோடு, "நான் வேறு கை" என்கிறது.

இதற்குப் பிறகு என்ன செய்வது? வாள் அலகுகளின் விஷயத்தில் ஒரு வழி இருக்கிறது. 1948-இல் தோன்றிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் பொய்ப் பெயர் உள்ள அலகுக்குச் சான்றிதழ் தருவதில்லை. ஆகவே உடையவர் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, பெயரில்லாத அலகாக மறுபடி அனுப்புகிறார். இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். யாரோ ஓர் ஏழைத் தொழிலாளி பெயர் போடாமல் யோக்கியமாகச் செய்து விற்ற பொருளில், பின்னால் வந்த வியாபாரி பெரிய பெயரை வெட்டியிருக்கலாம். அப்படியானால் செய்தவன் வேறு, பொய்யன் வேறு. வியாபாரியின் பாவத்துக்குத் தொழிலாளியின் வேலை ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

ஆனால் செய்தவனே வயிற்றுக் கொடுமையால் அந்தப் பெயரை வெட்டியிருந்தால்? அப்போது அந்தப் பொய்யான நாலு எழுத்துக்கள்தாம் அவன் கையெழுத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி. பெயர் யாருடையதோ, கோடுகள் அவனுடையவை. நாளைக்கு அதே கோடுகள் இன்னொரு தகட்டில் அவனுடைய சொந்தப் பெயரை எழுதிக்கொண்டு நிற்கக்கூடும். அரத்தால் ராவிவிட்டவர்களுக்கு அந்த நாள் வராது. இரண்டில் எது நடந்தது என்று பெரும்பாலும் எவராலும் தீர்மானமாகச் சொல்ல முடிவதில்லை.

என் கையில் அப்படி ஒரு தகடு கிடைத்தால் பெயரைத் தொடமாட்டேன். 'ஸோமின் என்று பொறித்திருக்கிறது. அவர் வேலை அல்ல. செய்தவர் தெரியவில்லை' என்று ஒரு சீட்டு எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டுப் பெட்டிக்குள் வைப்பேன். விற்க நேர்ந்தால், வாங்குகிறவர் பணத்தை எண்ணுவதற்கு முன்னால் அந்தச் சீட்டை அவர் கையில் கொடுத்துவிடுவேன்.