மாவுக்கட்டுக்கு யார் பொறுப்பு?

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி இடித்துக் கால் முறிந்தால், வடசென்னைக்காரர்கள் முதலில் ஓடுவது பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத்தான். சிலர் தனியார் மருத்துவமனைக்கும் போவார்கள். எங்கே போனாலும் எலும்பு மருத்துவர் தனியாக வேலை செய்வதில்லை. கட்டுப் போட, காயம் சுத்தம் செய்ய, அறுவை அரங்கில் கைகொடுக்க உதவியாளர்கள் உண்டு. அவர்களில் ஒரு வகையினர் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்.

இந்தியாவில் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பு 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், டாக்டர் கே.எம். செரியன் முயற்சியில், இதய அறுவைக்கு உதவுவதற்காகத் தொடங்கியது. இன்று எலும்புப் பிரிவு வரை பரவிவிட்டது. 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இவர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

ஆனால் பட்டியலில் இடம் கிடைத்ததால் ஒருவர் டாக்டராகிவிட மாட்டார். 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 34-ஆம் பிரிவில், பதிவு பெற்றவர் மட்டுமே மருத்துவம் பார்க்கலாம், மருத்துவச் சான்றிதழில் கையெழுத்திடலாம் என்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்படியானால் டாக்டர் எதை ஒப்படைக்கலாம்? 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள், தகுதியில்லாதவருக்கு மருத்துவத் திறன் சான்றிதழ் தருவதைத் தடுக்கும் இடத்திலேயே, உதவியாளர்களுக்குப் பயிற்சி தருவதை அனுமதிக்கின்றன. நிபந்தனை ஒன்றுதான்: மருத்துவரின் நேரடி மேற்பார்வை.

எலும்புச் சிகிச்சையில் இந்த நிபந்தனை ஏன் முக்கியம் என்பதைக் காட்டுவது வீக்கம். முறிந்த இடம் கட்டுக்குள்ளேயே வீங்கும். கட்டு இறுகினால் தசைக்கு ரத்தம் போவது குறையும். விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி, மரத்துப்போதல், நிறமாற்றம் எல்லாம் அதன் அறிகுறிகள். சில மணி நேரம் தாமதித்தால் தசை செத்துப்போகும். கட்டுப் போட்ட உதவியாளர் அறிகுறியைக் கண்டுபிடிக்கலாம். கட்டைப் பிளப்பதா, உடனே அறுவை செய்வதா என்பது டாக்டரின் முடிவு.

ஆகவே டாக்டருக்குச் சில கடமைகள் உண்டு. எக்ஸ்ரேயைத் தானே பார்க்க வேண்டும். எந்த அறிகுறிக்குத் தன்னை அழைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நள்ளிரவானாலும் அழைப்பை எடுக்க வேண்டும். உதவியாளர் செய்ததைச் சரிபார்த்துக் கேஸ் ஷீட்டில் கையெழுத்திட வேண்டும். சிகிச்சை தருபவர் டாக்டரா, உதவியாளரா என்பதை நோயாளிக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

இந்தக் கடமைகள் உதவியாளரைக் குறைத்து மதிப்பிடுபவை அல்ல. தன் எல்லை எது, யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்த உதவியாளரால்தான் தயங்காமல் வேலை செய்ய முடியும். கூலி வேலைக்குப் போகும் ஒருவரின் கையும் காலும் மிஞ்சுவது அந்தத் தெளிவைப் பொறுத்தது.