வீரமும் நிதானமும்

எரியும் காரொன்றை நோக்கிப் பாய்ந்தோடாது, சுவாசக் கருவியை அணிந்து, மூலைப்புறமாக மெல்ல நெருங்கும் தீயணைப்புத் தொழிலாளியைக் கண்டு, ‘அஞ்சுகிறான்’ என நகைப்போர் உளர். வீரம் என்பது யாது என்ற வினாவை இந்நகைப்பு நம்முன் எழுப்புகின்றது.

அத்தொழிலாளியின் நிதானத்துக்குத் தக்க காரணங்கள் உள. எரிகின்ற பிளாஸ்டிக்கின் புகை நஞ்சு. இயந்திர மூடியையும் பின்கதவையும் தாங்கும் வாயுத் தண்டுகள் வெப்பத்தால் வெடித்து அம்பெனப் பாயக்கூடும். ஆதலால் நேர்முன்னும் நேர்பின்னும் நிற்றல் ஆகாது. மின்சாரக் காரின் மின்கலத்திலோ, அணைந்த தீ பல மணி நேரம் கழிந்தும் மீண்டும் மூளலாம்.

உள்ளே மனிதர் சிக்கியிருப்பின், அவரைக் காக்கப் பேராபத்தையும் ஏற்பது அத்தொழிலின் அறம். வெறும் வாகனமே எரியுமாயின், அதற்காக ஓர் உயிரைப் பணயம் வைக்குமாறு கேட்கும் உரிமை எவருக்குமில்லை. 2017 டிசெம்பர் 31 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், பலமாடி வாகனத் தரிப்பிடமொன்றில் மூண்ட தீயில் ஏறத்தாழ 1,400 வாகனங்கள் அழிந்தன. மனித உயிர் ஒன்றுகூடப் பலியாகவில்லை. உடைமையை அளவுகோலாகக் கொள்வோர் இதனைப் பேரழிவு என்று மட்டுமே காண்பர். நாமோ, எரிந்தவற்றோடு எஞ்சிய உயிர்களையும் எண்ணுவோம்.

இரும்புக்குக் காப்புறுதி ஈடு தரும். வீடு திரும்பாத தந்தைக்கு எது ஈடு? ஆகவே, வீரத்தைப் புகழ்ந்து மாலை சூட்டுமுன், நல்ல சுவாசக் கருவியும் தக்க பயிற்சியும் அளித்தோமா என நம்மையே கேட்போமாக. அவற்றை மறுத்துவிட்டுத் தியாகத்தைப் போற்றும் சமுதாயம், தன் கடனைப் பிறர் உயிரால் தீர்க்கின்றது.